சண்டையிட்ட சபையைச் சேர்த்து வைத்த பிரபு

அந்த ஊரில் இருந்தவர்கள் சுமார் 300 பேர்.

அவர்களில் பெரும்பாலோர் கடவுளை வணங்கும் உரிமைக்காக வீடு வாசலை விட்டு ஓடி வந்தவர்கள். எல்லைகளை இரவில் கடந்தவர்கள். சிறையில் அடிபட்டவர்களும் அவர்களில் உண்டு.

இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து சேர்ந்தவர்கள் எப்படி இருந்திருக்க வேண்டும்? கூடப் பிறந்தவர்களைப் போல அல்லவா இருந்திருக்க வேண்டும்!

ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தெருக்காரர் அந்தத் தெருக்காரரை நாத்திகர் என்றார். அவர் இவரை வேஷதாரி என்றார். போதகரைப் பற்றி ஒரு பேச்சு. இடம் கொடுத்த பிரபுவைப் பற்றி ஒரு பேச்சு. எல்லாம் முதுகுக்குப் பின்னால்.

இது நடந்தது ஜெர்மனியில், சாக்சனி நாட்டில், 1727-ம் ஆண்டில். ஊரின் பெயர் ஹெர்ன்ஹூட்.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவுக்கு அப்போது 27 வயதுகூட நிறையவில்லை. சேவகர்களை அனுப்பி, சண்டைக்காரர்களை எல்லையைத் தாண்டி விரட்டி இருக்கலாம். கேட்பார் யாரும் இல்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. அரசாங்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினார்.

அவர்தான் நிக்கோலாஸ் லுட்விக் சின்சென்டார்ப் பிரபு.

ஜன்னல் வழியே கடிதம்

1700-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி டிரெஸ்டன் நகரில் சின்சென்டார்ப் பிறந்தார். தகப்பனார் அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்தவர். குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் காசநோயால் இறந்து போனார்.

சின்சென்டார்ப்புக்கு நாலு வயது ஆனபோது தாயார் ஒரு ராணுவத் தளபதியை மறுமணம் செய்துகொண்டு பெர்லினுக்குப் போய்விட்டார். பிள்ளை பாட்டியின் கையில் வளர்ந்தது.

பாட்டி சாதாரணப் பாட்டி அல்ல. பைபிளை மூலமொழிகளிலேயே படிக்கத் தெரிந்தவர். கவிதை எழுதுவார். அறிஞர்கள் அவர் வீட்டுக்கு வந்து போவார்கள். பக்தியில்லாத சபை உயிரில்லாத உடல் என்று பிரசாரம் செய்துவந்த ஸ்பேனர் என்ற பெரியவர்தான் குழந்தைக்கு ஞானத் தகப்பன்.

தாயும் தந்தையும் பக்கத்தில் இல்லாத அந்தப் பெரிய மாளிகையில், சிறுவனுக்குப் பேச்சுத் துணை யார்? அவன் இயேசுநாதருக்குக் கடிதம் எழுதுவான். எழுதிய காகிதத்தை ஜன்னல் வழியே வெளியே போடுவான். அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்பினான்.

1706-ம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் படைவீரர்கள் சாக்சனிக்குள் புகுந்தார்கள். மாளிகைக்குள்ளும் வந்தார்கள். அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன் கொஞ்சமும் பயமின்றிக் கடவுளோடு பேசிக்கொண்டு இருப்பதைக் கண்டு திகைத்து நின்றார்கள் என்று சொல்வார்கள்.

தரங்கம்பாடிச் செய்தி

பத்து வயதில் அவரை ஹாலே நகரில் பிராங்கே என்பவர் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

பிராங்கே பெரிய போதகர். அநாதை விடுதி, பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், மருந்துச்சாலை எல்லாம் நடத்தியவர். நம் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிக்கு 1706-ம் ஆண்டில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு பாதிரியார்களும் ஹாலேயோடு தொடர்பு உள்ளவர்களே. தரங்கம்பாடியில் இருந்து அவர்கள் எழுதிய கடிதங்கள் ஹாலேயில் அச்சாகி நாடெங்கும் படிக்கப்பட்டன.

பிராங்கேயின் சாப்பாட்டு மேஜையில் இடம் பெற்றிருந்த சிறுவன் சின்சென்டார்ப், அந்தச் செய்திகளைக் காது குளிரக் கேட்டான். 1715-ம் ஆண்டில் சீகன்பால்கு ஊருக்குத் திரும்பி ஹாலே வந்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இவன் படித்துக்கொண்டு இருந்தான். எங்கேயோ இருக்கும் மக்களைப் பற்றிய ஒரு கடிதம், கேட்கிறவன் மனசை எப்படி அசைக்கும் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டான்.

பள்ளியில் அவனுக்குச் சுகமில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவனோ தன்னோடு ஒத்த மனமுள்ள நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, சேர்ந்து ஜெபிக்கச் சிறு சிறு கூட்டங்கள் அமைத்தான். சிறு கூட்டம் என்ற இந்தப் பைத்தியம் கடைசிவரை அவரை விடவில்லை.

சமய ஊழியத்துக்குப் போக ஆசைப்பட்டார். பிரபு குடும்பத்துப் பிள்ளை போதகர் ஆவதா என்று உறவினர்கள் மறித்தார்கள். விட்டன்பர்க் நகரில் சட்டம் படித்தார். பிறகு டிரெஸ்டனில் மன்னரின் அரசாங்கத்தில் ஆலோசகர் வேலை. அந்த வேலையில் அவருக்கு ஒட்டுதலே இல்லை.

1722-ம் ஆண்டில் பாட்டியிடம் இருந்து பெர்தல்ஸ்டார்ப் என்ற கிராமத்தை விலைக்கு வாங்கினார். அந்த ஆண்டே எர்ட்முத்தே டோரதியா என்ற சீமாட்டியை மணந்துகொண்டார்.

தச்சர் வெட்டிய மரம்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

பொகீமியா, மொராவியா என்று இரண்டு நாடுகள். இன்று இரண்டும் செக் நாட்டில் அடங்கியவை. பொகீமியாவைச் சேர்ந்த ஜான் ஹஸ் என்ற சீர்திருத்தக்காரரை 1415-ம் ஆண்டில் உயிரோடு எரித்துக் கொன்றார்கள். அவர் வழியைப் பின்பற்றியவர்கள் 1457-ம் ஆண்டில் சகோதரர் ஐக்கியம் என்ற சபையை அமைத்தார்கள். லூத்தர் பிறப்பதற்கும் முன்னாலேயே!

1620-ம் ஆண்டுக்குப் பிறகு அந்தச் சபையைத் தடை செய்தார்கள். நூறு ஆண்டுக் காலம் சில குடும்பங்கள் பைபிளை ஒளித்து வைத்துப் படித்தன. அந்தச் சபையின் கடைசிப் பேராயர்களில் ஒருவர் கொமேனியஸ். பிள்ளைகளுக்குப் படத்துடன் பாடப்புத்தகம் எழுதிய உலகப் புகழ்பெற்ற கல்விமான்.

இப்படி ஒளிந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு வழிகாட்டியாக வந்தார் கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சர். அவர் சின்சென்டார்ப்பைக் கண்டு, அகதிகளுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டார். பிரபு சம்மதித்தார்.

1722-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி, காட்டு நிலத்தில் முதல் மரத்தைத் தச்சர் வெட்டினார். அங்கே எழுந்த ஊருக்கு ஆண்டவரின் காவல் என்று பொருள்படும்படி ஹெர்ன்ஹூட் எனப் பெயர் வைத்தார்கள்.

ஊர் வளர்ந்தது. மொராவியர்கள் வந்தார்கள். லூத்தரன்கள் வந்தார்கள். கால்வின் கொள்கையினர் வந்தார்கள். எந்தச் சபையிலும் சேராதவர்களும் வந்தார்கள். இங்கேதான் வந்தது வினை!

ஊர் இரண்டுபட்டது

மொராவியர்களுக்குத் தங்கள் முன்னோரின் சபை ஒழுங்கு வேண்டும். பெர்தல்ஸ்டார்ப் போதகரான ரோத்தே லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவருக்கு லூத்தரன் முறை வேண்டும். திருவிருந்தை எப்படிக் கொடுப்பது, ஆராதனையை எப்படி நடத்துவது, கிராமக் கோவிலுக்குப் போகலாமா கூடாதா என்று ஒவ்வொன்றிலும் தகராறு.

இந்தச் சமயத்தில் குரூகர் என்ற ஒருவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். நன்றாகப் பேசுவார். எல்லாச் சபைகளும் கெட்டுப் போய்விட்டன, வெளியே வாருங்கள் என்பது அவர் பிரசாரம். பிரபுவையும் போதகரையும் பைபிளில் சொல்லப்பட்ட மிருகத்துக்கும் கள்ளத் தீர்க்கதரிசிக்கும் ஒப்பிட்டார்!

கடைசியில் அவருக்குப் புத்தி பேதலித்து ஊரை விட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் போட்ட நெருப்பு அணையவில்லை. முதல் மரம் வெட்டிய தச்சர் கிறிஸ்டியான் டேவிட்டே மனம் மாறி, ஊருக்கு வெளியே தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிரபு தம் நிலையை யோசித்தார். அவருக்கு அகதிகள் மேல் அதிகாரம் உண்டு. ஆனால் அதிகாரத்தால் வாயை அடைக்கலாமே தவிர, மனசைத் திறக்க முடியாது.

1727-ம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் மாளிகையை விட்டு இறங்கி, அகதிகளின் நடுவே குடிவந்தார்.

வீடுவீடாக

அதன் பிறகு அவர் செய்த வேலை பார்வைக்குச் சாதாரணமானது. ஒரு வீட்டுக்குள் போவார். உட்காருவார். அந்த வீட்டுக்காரரின் குறை என்ன என்று கேட்பார். பிறகு அடுத்த வீடு.

நெசவுக்காரர், தச்சர், குயவர், ரொட்டி சுடுகிறவர் என்று எல்லாம் உழைப்பாளிகளின் வீடுகள். அந்தக் காலத்தில் ஒரு பிரபு இப்படிக் குடியானவன் வீட்டில் உட்கார்ந்து காது கொடுப்பது எங்கேயும் இல்லாத அதிசயம். நம் ஊரில் அந்த நாள் ஜமீன்தார் ஒருவர், குத்தகைக்காரனின் திண்ணையில் உட்கார்ந்து, என்மேல் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்பதாக நினைத்துப் பாருங்கள்.

மே மாதம் 12-ந் தேதி ஊர்க்கூட்டம் போட்டார். மூன்று மணி நேரம் பேசினார். பிரிவினை எப்படிப்பட்ட பாவம் என்பதுதான் பேச்சு. பிறகு எழுதி வைத்திருந்த ஊர் விதிகளைப் படித்தார். எல்லாரும் கைகொடுத்து ஒப்புக்கொண்டார்கள். தனிக்குடிசை போட்ட தச்சரும் திரும்பி வந்தார்.

விதிகளில் இரண்டு வகை. முதல் வகை, நிலத்துக்கு உரிய பிரபு என்ற முறையில் அவர் இட்ட கட்டளைகள். அதில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. ஹெர்ன்ஹூட்டில் குடியிருப்பவர்களும் அவர்கள் சந்ததியாரும் யாருக்கும் பண்ணை அடிமை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பயந்து வாழ்கிறவன் மனம் திறந்து பேச மாட்டான் அல்லவா!

இரண்டாவது வகை, சகோதரர்களாக மனம் ஒத்து ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை. அதிலே இருந்த ஓர் ஏற்பாடு, இன்றைக்கும் எந்தச் சபையிலும், எந்தக் குடும்பத்திலும் படித்துப் பார்க்கத்தக்கது.

ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் வந்தால் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்கக் கூடாது. உடனே அவரிடமே போய், நட்போடும் மரியாதையோடும் சொல்லிவிட வேண்டும். ஏழை, பணக்காரர் என்று முகம் பார்க்கக் கூடாது. சேர்த்து வைத்த புகார்களை யாரும் காதில் வாங்கவே கூடாது!

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். புகார் உண்மையா, பொய்யா என்பதல்ல கேள்வி. மூன்று மாதம் மூட்டை கட்டி வைத்திருந்து, நல்ல சமயம் பார்த்து அவிழ்க்கும் புகாருக்கு அந்த ஊரில் விசாரணையே கிடையாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான்.

யாரும் யாரையும் அன்போடு கண்டித்துச் சொல்லலாம் என்றும் விதி இருந்தது. சொன்னது சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் கேட்பவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்கிறவரும் தாழ்மையோடுதான் சொல்ல வேண்டும்.

எழுதுவது சுலபம். நடப்பது கஷ்டம். அதனால் 12 மூப்பர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழைகளைக் கவனிக்கச் சிலர், நோயாளிகளைக் கவனிக்கச் சிலர், இரவுக் காவலுக்குச் சிலர் என்று வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊருக்குள் சும்மா உட்கார்ந்து பேசுகிறவர் குறைந்தார்.

ஜூலையில் சிறு குழுக்கள் ஏற்பட்டன. ஆண்கள் தனி, பெண்கள் தனி. ஒவ்வொன்றிலும் சில பேர்தான். தங்களுக்குள் நம்பிக்கை உள்ளவர்களாகச் சேர்ந்துகொண்டு, அடிக்கடி கூடி, தங்கள் நிறைகுறைகளை ஒளிவு மறைவின்றிச் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தார்கள். பெரிய கூட்டத்தில் வாய் திறக்காத கூச்சக்காரர்களும் இங்கே பேசினார்கள்.

அந்த மாதமே பிரபு பக்கத்து சிட்டாவ் நகரின் நூல்நிலையத்துக்குப் போனார். அங்கே கொமேனியஸ் எழுதி வைத்த பழைய சகோதரர் சபையின் ஒழுங்குமுறைப் புத்தகம் கிடைத்தது. படித்தவருக்கு ஆச்சரியம்! தாங்கள் மே மாதத்தில் எழுதிய விதிகளைப் போலவே பல விதிகள் அதிலும் இருந்தன. ஜெர்மன் மொழியில் எழுதி எடுத்து வந்து படித்துக் காட்டினார். தங்கள் தாத்தாக்களின் சபை செத்துப் போகவில்லை என்று மொராவியர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆகஸ்ட் 13

திருவிருந்துக்கு நாள் குறித்தார்கள். 1727-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 13-ந் தேதி, புதன்கிழமை. இடம், பெர்தல்ஸ்டார்ப் கிராமக் கோவில்.

அதற்கு முன் பிரபு மறுபடியும் வீடுவீடாகப் போனார்.

அன்று காலை ஹெர்ன்ஹூட்டில் இருந்து கோவிலுக்கு எல்லாரும் நடந்து போனார்கள். நல்ல தூரம். போகிற வழியிலேயே, நெடுநாள் பேசாதவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கோவிலில் இரண்டு சிறுமிகளுக்குத் திடப்படுத்தல் நடந்தது. பிறகு ஜெபம். அதற்குள் சபை முழுவதும் கண்ணீர். பாட்டு எது, அழுகை எது என்று பிரிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்காதவர் இல்லை.

மொராவிய சபை இந்த நாளையே தன் மறுபிறப்பு நாளாகக் கொண்டாடுகிறது.

ஆராதனை முடிந்த பிறகும் மக்கள் வீட்டுக்குப் போகவில்லை. அங்கங்கே கூட்டமாக நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பிரபு இதைக் கண்டார். சாப்பாட்டுக்காகப் பேச்சைக் கலைக்க வேண்டாம் என்று தம் வீட்டுச் சமையலறையில் இருந்து அவர்களுக்கு உணவு அனுப்பினார். அதில் இருந்து பிறந்ததுதான் மொராவியர்களின் அன்பின் விருந்து. ரொட்டியும் தேநீரோ காபியோ வைத்துக்கொண்டு, பாடிப் பேசி மகிழும் எளிய விருந்து.

சில நாளில் 24 ஆண்களும் 24 பெண்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். நாளின் 24 மணி நேரமும் யாராவது ஜெபித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் மாற்றி ஒருவராக இது நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது!

தினம் ஒரு வசனம்

உணர்ச்சி ஒரு நாளில் பொங்கும், மறுநாள் அடங்கும். பிரபுவுக்கு இது தெரியும். ஆகையால் தினசரி பேச்சு அறுந்து போகாமல் இருக்க வழி செய்தார்.

1728-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி மாலைக் கூட்டத்தில், மறுநாளைக்கு என்று சபைக்கு ஒரு சிறு வாசகம் கொடுத்தார். காலையில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஊரில் இருந்த 32 வீடுகளுக்கும் போவார். வாசகத்தைச் சொல்வார். அப்படியே, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஏதாவது கஷ்டமா என்றும் விசாரிப்பார். சாயங்காலத்துக்குள் ஊரின் சுகதுக்கம் சபைக்குத் தெரிந்துவிடும்.

1731-ம் ஆண்டு முதல் இது ஆண்டு முழுவதற்குமான புத்தகமாக அச்சாயிற்று. இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டு எடுத்து வசனங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது வெளிவருகிறது.

மாதத்துக்கு ஒரு நாள் சபை நாள். வெளியூர்களில் இருந்து வந்த கடிதங்களை அன்று உரக்கப் படிப்பார்கள். பிற்காலத்தில் சபைச் செய்திகளைக் கையாலேயே நகல் எடுத்து நாடு நாடாக அனுப்பினார்கள். ஒருவர் இறந்தால், அவரே எழுதி வைத்த வாழ்க்கைக் கதையை அடக்கத்தின்போது படிப்பார்கள். துணி வெளுத்தவளின் கதையும் சீமாட்டியின் கதையும் ஒரே மாதிரி படிக்கப்பட்டன.

மூப்பர்களும் சாமானியர்களே. மார்ட்டின் லின்னர் என்பவர் ரொட்டி சுடுகிறவர். அவர் தலைமை மூப்பராக இருந்தார். 1730-ம் ஆண்டில் பெண்களுக்குத் தலைமை மூப்பராகச் சீட்டு விழுந்தது அன்னா நிட்ஷ்மன் என்ற பெண்ணுக்கு. அவளுக்கு வயது 14!

1732-ம் ஆண்டு ஈஸ்டர் அன்று வாலிபர்கள் சிலர் விடியுமுன் எழுந்து, குன்றின்மேல் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டே போனார்கள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை அங்கே அப்படி ஆரம்பித்தது.

கடல் கடந்து

1731-ம் ஆண்டில் டென்மார்க் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குப் பிரபு போனார். அங்கே மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமசில் அடிமையாக இருந்த அந்தோன் என்ற நீக்ரோவரைச் சந்தித்தார். தீவில் அடிமைகள் படும் பாட்டை அவர் சொன்னார். அவரை ஹெர்ன்ஹூட்டுக்கே வரவழைத்துப் பேச வைத்தார் பிரபு.

இந்தச் செய்தியைக் கேட்ட லியோனார்டு டோபர் என்ற குயவருக்குத் தூக்கம் இல்லை. 1732-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவரும் தச்சர் டேவிட் நிட்ஷ்மனும் கால்நடையாகப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டில் கிரீன்லாந்துக்குச் சிலர். பிறகு தென் ஆப்பிரிக்கா, சூரினாம், இலங்கை என்று போனார்கள்.

1739-ம் ஆண்டில் பிரபுவே செயின்ட் தாமசுக்குப் போனார். தம் ஊழியர்கள் சிறையில் இருப்பதைக் கண்டு விடுவித்தார். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. விடைபெறும்போது அடிமைகளுக்கு அவர் சொன்ன புத்தி, எஜமானர்களுக்குக் கீழ்ப்படிந்து இருங்கள் என்பதுதான். ஹெர்ன்ஹூட்டில் பண்ணை அடிமைத்தனம் கூடாது என்று எழுதிக் கொடுத்த அதே கை! அவருடைய சபையும் அங்கே அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியது. எல்லார் குறையையும் கேட்ட காதுக்கு, அந்தக் குறை மட்டும் முழுதாக எட்டவில்லை.

வெஸ்லியும் பிரபுவும்

மெதடிஸ்டு சபையை நிறுவிய ஜான் வெஸ்லி, அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது கடும் புயல் வந்தது. எல்லாரும் அலறினார்கள். மொராவியர்கள் மட்டும் பாடிக்கொண்டு இருந்தார்கள். அதைப் பார்த்தவர் வெஸ்லி. 1738-ம் ஆண்டில் ஹெர்ன்ஹூட்டுக்கே நேரில் வந்தார். சிறு குழு முறையைக் கண்டு வியந்தார். மெதடிஸ்டுகளின் குழுக்களில் அதன் சாயல் உண்டு.

ஆனால் இரண்டு பெரியவர்களுக்கும் நெடுநாள் ஒத்துப் போகவில்லை. 1741-ம் ஆண்டில் லண்டனில் ஒரு தோட்டத்தில் சந்தித்து லத்தீன் மொழியில் வாதாடினார்கள். முடிவு ஏற்படவில்லை. அவரவர் வழியே போய்விட்டார்கள்.

நாடு கடத்தல்

வெளியூர் அகதிகளைக் கூட்டிச் சேர்க்கிறார், புது மதம் கிளப்புகிறார் என்று பிரபுமேல் அரசாங்கத்துக்குப் புகார் போனது. 1736-ம் ஆண்டில் சாக்சனியை விட்டு வெளியேறும்படி உத்தரவு.

அவர் ஊர் ஊராகப் போனார். 1737-ம் ஆண்டில் பெர்லினில் பேராயராக அபிஷேகம் பெற்றார். அமெரிக்காவில் 1741-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஒரு புதுக் குடியிருப்புக்குப் பெத்லகேம் என்று பெயர் இட்டார். அங்குள்ள ஜெர்மன் சபைகளை எல்லாம் ஒன்றுசேர்க்கக் கூட்டம்மேல் கூட்டம் போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை.

வீட்டையும் சபையின் கணக்கையும் கட்டிக் காத்தவர் மனைவி எர்ட்முத்தே. அவர் பெற்ற பிள்ளைகள் 12. அவர்களில் வளர்ந்து ஆளானவர்கள் நாலு பேரே. புருஷன் கடல் கடந்து ஊழியம் செய்ய, கடன்காரர்களுக்குப் பதில் சொன்னவர் இந்த அம்மையார்தான். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பெரிய சோதனை

நாடு கடத்தப்பட்ட காலத்தில், பியூடிங்கன் பிரபுவின் நாட்டில் ஹெர்ன்ஹாக் என்ற புது ஊரை 1738-ம் ஆண்டில் அமைத்தார்கள். சீக்கிரமே ஹெர்ன்ஹூட்டையும் மிஞ்சி வளர்ந்தது. சுமார் 1000 பேர்.

அங்கே வாலிபர் கூட்டத்துக்குத் தலைவர், சின்சென்டார்ப்பின் மகன் கிறிஸ்டியான் ரெனாட்டஸ். அருமையான பிள்ளை, இளகிய மனம். கிறிஸ்துவின் காயங்களைத் தியானிப்பது என்று ஆரம்பித்தது, நாளடைவில் வரம்பு மீறியது. பெரியவர்கள் குழந்தைகள் போலக் கொஞ்சிப் பேசினார்கள். விளக்கு அலங்காரம், விழா, கொண்டாட்டம் என்று பணம் கரைந்தது. இதற்கு விதை போட்டவை பிரபுவின் சொந்தப் பிரசங்கங்களும் பாட்டுக்களுமே.

இது தப்பு என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. மனத்தாங்கலை உடனே நேரில் சொல்ல வேண்டும் என்று விதி எழுதிய பிரபு தூரத்தில் இருந்தார். சுற்றி இருந்தவர்கள் அவருக்கு இனிய செய்திகளையே சொன்னார்கள். 1727-ம் ஆண்டில் கதவு கதவாகத் தட்டியவர், இந்தத் தடவை பிறர் சொல்லக் கேட்டே காலம் கழித்தார்.

உண்மை தெரிந்தபோது துடித்துப் போனார். 1749-ம் ஆண்டில் சபைகளுக்குக் கடுமையான கடிதம் எழுதினார். மகனைப் பதவியில் இருந்து இறக்கி, லண்டனுக்குத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். அதற்குள் வெளியே கெட்ட பெயர் பரவிவிட்டது. கேலிப் புத்தகங்கள் அச்சாயின.

1750-ம் ஆண்டில் பியூடிங்கனின் புதிய பிரபு ஓர் உத்தரவு போட்டார். சின்சென்டார்ப்பைக் கைவிடுகிறோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூன்று ஆண்டுக்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும். ஹெர்ன்ஹாக் மக்கள் சத்தியம் செய்யவில்லை. கட்டிய வீடுகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். ஊர் பாழாயிற்று.

மகன் 1752-ம் ஆண்டில் லண்டனில் இறந்தார். வயது 24. அடுத்த ஆண்டு கடன்காரர்கள் நெருக்க, பிரபு சிறைக்குப் போகும் நிலைமை வந்து தப்பியது. 1756-ம் ஆண்டில் எர்ட்முத்தே அம்மையார் காலமானார்.

கடைசி நாட்கள்

1747-ம் ஆண்டிலேயே நாடு கடத்தல் உத்தரவு ரத்தாகி இருந்தது. கடைசியில் பிரபு ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து சேர்ந்தார். 1757-ம் ஆண்டில் அன்னா நிட்ஷ்மனை மறுமணம் செய்துகொண்டார். 14 வயதில் தலைமை மூப்பரான அதே அன்னா. அப்போது வயது 41.

1760-ம் ஆண்டு மே மாதம். பிரபுவுக்குக் காய்ச்சல். அப்படியும், 1761-ம் ஆண்டுக்கான தினவசனப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை முடித்து வைத்தார். 9-ந் தேதி உயிர் பிரிந்தது. 60 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. அன்னாவும் அந்த மாதம் 21-ந் தேதியே கண்ணை மூடினார்.

குன்றின் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு, பல நாடுகளில் ஊழியம் செய்த 32 போதகர்கள் முறை மாற்றி அவர் உடலைத் தூக்கிச் சென்றார்கள். அந்தத் தோட்டத்தில் சகோதரர்களின் கல்லறைகள் எல்லாம் தரையோடு தரையாக, ஒரே மாதிரிச் சிறு கற்கள். பிரபு குடும்பத்தின் கல்லறைகள் மட்டும் நடுவில், உயர்ந்து பெரிதாக நிற்கின்றன. 2024-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஹெர்ன்ஹூட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

பிரபு கண்ணை மூடிய அந்த நாளில், மொராவியச் சகோதரர்கள் சிலர் ஒரு கப்பலில் கிழக்கே வந்துகொண்டு இருந்தார்கள். ஜூலை மாதம் 2-ந் தேதி கரை இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய இடம், ஹாலே பள்ளியில் சிறுவன் சின்சென்டார்ப் காது குளிரக் கேட்ட தரங்கம்பாடி.

அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போவது அவர்கள் எண்ணம். தரங்கம்பாடியை அடுத்த பொறையாறு பக்கத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். சகோதரர் தோட்டம் என்று அதற்குப் பெயர். ஏற்கனவே அங்கிருந்த ஹாலே பாதிரியார்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சுமார் 40 ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கடிதம் வந்து சேரப் பல மாதம் ஆகும். கரை இறங்கியபோது, பிரபு இறந்த செய்தி அவர்களுக்கு எட்டவில்லை.